ஸ்டீமா, ப்ளே ஸ்டோரா, இட்ச்சா: குளச்சலில் உருவாகும் ஒரு கேமை எங்கே வெளியிடுவது?

குளச்சல் பக்கத்துத் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் புரோகிராமர், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை, வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வருவார். இன்னொருவர் படம் வரைபவர். மூன்றாமவர் கடற்கரைக்காரர், கதையும் ஒலியும் அவர் பொறுப்பு. கேம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. எங்கே ரிலீஸ் செய்வது என்பதில் மட்டும் மூவருக்கும் மூன்று கருத்து. என்னிடம் கேட்டார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கேம் செய்யும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அவர்களிடம் சொன்னதையே விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவு இதுதான். முதலில், யார் வேண்டுமானாலும் கேம் ஏற்றக்கூடிய இட்ச்.ஐஓ தளத்தில் ஒரு சோதனைப் பதிப்பு. பிறகு கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் விலை வைத்து முழு கேம். போன் பதிப்பு அதற்கும் பிறகு. விளம்பரம் போட்டு இலவசமாக ப்ளே ஸ்டோரில் இறக்கும் யோசனையை அடியோடு விட்டுவிட வேண்டும். ஏன் என்பதைச் சொல்ல, அந்த கேம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும்.

நம் கடற்கரையில் கணியம் பார்ப்பது என்று ஒரு வித்தை உண்டு. கரை தெரியும் தூரத்தில் வள்ளத்தில் இருப்பவர், கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவருவார். ஒரு கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் வேளிமலையின் ஒரு முகடும் என்று வையுங்கள். பக்கவாட்டில் வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் கொண்டுவருவார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், மீன் அடையும் பாறை கிடக்கும். கருவி எதுவும் இல்லாமல் அதே பாறைக்கு அடுத்த வாரமும் வந்து தூண்டில் போடலாம். தம்பிகளின் கேம் முழுக்க இந்த ஒரு வித்தையின் மேல் நிற்கிறது. தாத்தா சொல்லிப்போன அடையாளங்களை வைத்துப் பேரன் ஒவ்வொரு பாறையாகக் கண்டுபிடிக்கிறான். சில அடையாளங்கள் இப்போது இல்லை: மரம் வெட்டப்பட்டிருக்கும், கோபுரத்தை ஒரு கட்டடம் மறைத்திருக்கும். அப்போது வேறு கோடு தேட வேண்டும். மொத்தம் மூன்று மணி நேர விளையாட்டு. சத்தம் குறைவு, அவசரம் இல்லை, நிதானமாகக் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படி ஒரு கேம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று நான் நம்புகிறேன். எந்தக் கடையில் வைத்தால் இதன் அருமை தெரிந்தவர் கண்ணில் படும் என்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

ப்ளே ஸ்டோர்: எல்லார் கையிலும் இருக்கிறது, ஆனால்

படம் வரையும் தம்பியின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது இல்லை. "அண்ணே, நம்ம ஊர்ல எத்தன பேருகிட்ட கம்ப்யூட்டர் இருக்கு? எல்லாரு கையிலயும் போன்தான இருக்கு. ப்ளே ஸ்டோர்ல போட்டாத்தான நம்ம ஆளுவ விளையாடுவாவ?" என்று கேட்டார். கடற்கரை வாழ்க்கையைப் பற்றிய கேமைக் கடற்கரையில் யாரும் விளையாடவில்லை என்றால் மனசு ஆறாது. அது எனக்கும் புரிகிறது.

செலவும் குறைவு. டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். வருமானத்தில் கூகுள் எடுப்பது, ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை 15 சதவீதம்தான். 2021 ஜூலையிலிருந்து அப்படி. கடைப்பக்கத்தையே தமிழில் எழுதி வைக்கலாம். தனிநபர் பெயரில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டிய பிறகே பொதுவெளியில் விட முடியும். 2023 நவம்பருக்குப் பிறகு வந்த விதி அது. முதலில் 20 பேர் என்று இருந்து, பிறகு 12 ஆகக் குறைந்தது. குளச்சலில் 12 பேரைப் பிடிப்பது ஒரு வேலையே இல்லை.

பிறகு என்ன தடை? ஆண்ட்ராய்டில் நம் மக்கள் கேமுக்குக் காசு கொடுத்து வாங்குவது அரிது. ஆகவே இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வேண்டும். இந்தியாவில் ஒரு விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டால் ஐம்பது ரூபாய் வருகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் முடிந்துபோகிற ஒரு கதை கேமில், ஒருவருக்கு எத்தனை விளம்பரம் காட்ட முடியும்? இருபது காட்டினால் ஒரு ரூபாய். ஒரு லட்சம் பேர் முழுசாக விளையாடினால் ஒரு லட்சம் ரூபாய். அந்த ஒரு லட்சம் பேரை எப்படி அழைத்து வருவது? பெரிய மொபைல் கம்பெனிகள் ஒவ்வொரு இன்ஸ்டாலையும் விளம்பரச் செலவு செய்து காசுக்கு வாங்குகின்றன. ஒரு ஆளை வாங்கும் செலவைவிட அவரிடமிருந்து வருவது அதிகமாக இருக்கும்படி கேமையே வடிவமைக்கிறார்கள்: தினமும் திரும்ப வர வைப்பது, காத்திருக்க வைப்பது, காத்திருக்காமல் இருக்கக் காசு கேட்பது. அது ஒரு தனித் தொழில். மும்பையில் உருவாகி 2016-ல் வந்த லூடோ கிங் போன்ற ஒன்றுக்கு அது பொருந்தும். நாலு பேர் சேர்ந்து திரும்பத் திரும்ப ஆடுவது அது, ஒரு ஆட்டம் முடிந்தால் விளம்பரம் வருவது யாருக்கும் உறுத்தாது.

கணியம் கேமில் விளம்பரத்தை எங்கே வைப்பீர்கள்? கோபுரமும் முகடும் மெல்ல மெல்ல ஒரே கோட்டுக்கு வருகின்றன. வள்ளம் ஆடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நங்கூரம் போட வேண்டிய நேரம். அங்கே ஒரு விளம்பரத்தை நுழைத்தால் அந்த கேம் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

இன்னொரு சங்கடத்தையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கூகுள் ஆண்டுதோறும், புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்றபடி செயலியைப் புதுப்பிக்கச் சொல்லும். புதுப்பிக்காமல் விட்டால் புதிய போன் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செயலி கடையில் தென்படாது. மூன்று பேரும் வேறு வேலைக்குப் போன பிறகு, வருமானம் நின்றுபோன ஒரு கேமுக்காக யார் உட்கார்ந்து ஆண்டுதோறும் பில்ட் (ஓடும் நிலையில் தொகுத்த பதிப்பு) எடுப்பது? கம்ப்யூட்டர் கேமில் இந்தத் தொல்லை குறைவு. பத்து ஆண்டுக்கு முன் ஸ்டீமில் ஏற்றிய கேம்கள் பல இன்றும் அப்படியே ஓடுகின்றன.

ஆகவே போன் பதிப்பு வேண்டும், ஆனால் கடைசியில் வேண்டும். ஸ்டீமில் காசு வந்த பிறகு, விளம்பரமே இல்லாமல், நம் கடற்கரைக்குக் கொடுக்கும் பொருளாக அதைச் செய்யலாம்.

ஸ்டீம்

மற்றவற்றைவிட இதைப் பற்றி அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் முடிவு இங்கேதான் இருக்கிறது.

ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். இன்றைய மாற்று மதிப்பில் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் மேல். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தப் பணம் திரும்பி வரும். கட்டணம் கட்டி யாரும் நேரடியாக கேம் வெளியிடும் ஸ்டீம் டைரக்ட் முறை 2017-ல் வந்ததிலிருந்து இந்த நடைமுறை. விற்பனையில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம். ஒரு கோடி டாலரைத் தாண்டினால் 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20 என்று குறையும், ஆனால் அந்தச் சலுகை பெரிய கம்பெனிகளுக்கானது. நமக்கு 30 என்றே வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

முப்பது சதவீதம் அநியாயம் என்று புரோகிராமர் தம்பி கொதிக்கிறார். ஸ்டீமைப் போலவே கம்ப்யூட்டர் கேம் விற்கும் எபிக் கடையில் 12 சதவீதம்தான். 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை எபிக் ஒன்றுமே எடுப்பதில்லை. கணக்கில் எபிக்தான் லாபம், சந்தேகமில்லை. ஆனால் பெயர் தெரியாத சின்ன கேம்களைத் தேடிப் பார்த்து வாங்கும் கூட்டம் ஸ்டீமில்தான் இருக்கிறது. எபிக் பக்கம் வருபவர்களில் பலர் இலவச கேமுக்கும் ஃபோர்ட்நைட்டுக்கும் வருகிறவர்கள். எட்டிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் நூற்றுக்கு நூறு நமக்கே கிடைத்தும் பயனில்லை. பிறகு வேண்டுமானால் அங்கேயும் வைக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

ஸ்டீமின் உண்மையான பலம் விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்க நினைக்கும் கேம்களை ஒருவர் குறித்துவைக்கும் பட்டியல். கேம் தயாராகும் முன்பே 'விரைவில்' என்று ஒரு கடைப்பக்கம் திறக்கலாம். பார்த்துப் பிடித்தவர்கள் தங்கள் விஷ்லிஸ்டில் சேர்த்துக்கொள்வார்கள். ரிலீஸ் நாளில் அவர்கள் எல்லோருக்கும் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். பிறகு தள்ளுபடி வைக்கும்போதும் அனுப்பும். நம் கைக்காசு ஒரு பைசா செலவாகாது. விஷ்லிஸ்ட் எண்ணிக்கை நன்றாக இருந்தால், வரவிருக்கும் கேம்களின் பட்டியலில் முகப்பிலேயே ஏறும் வாய்ப்பும் உண்டு. போன் கேமில் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே அதற்குப் பதிலாகக் காலத்தைக் கொடுக்கலாம், பொறுமையைக் கொடுக்கலாம். மூன்று தம்பிகளிடம் அது இருக்கிறது, காசுதான் இல்லை. என் தேர்வின் அடிப்படை இதுதான்.

விதிப்படி கடைப்பக்கம் குறைந்தது இரண்டு வாரம் 'விரைவில்' நிலையில் இருக்க வேண்டும். 100 டாலர் கட்டி 30 நாள் ஆகாமல் ரிலீஸ் செய்ய முடியாது. இதைக் குறைந்தபட்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் யாரும் சேர மாட்டார்கள். ஆறு மாதமாவது பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பேன். 2024-ல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. அந்த வெள்ளத்தில், பக்கம் திறந்த மாதமே ரிலீஸ் செய்த கேம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

அடுத்தது நெக்ஸ்ட் ஃபெஸ்ட். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று ஆண்டுக்கு மூன்று முறை, இன்னும் வெளிவராத கேம்களின் டெமோக்களுக்காக (இலவசமாக விளையாடிப் பார்க்கும் முன்னோட்டங்கள்) ஸ்டீம் ஒரு வாரத் திருவிழா நடத்துகிறது. ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும், ஆகவே மாதத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய முடிவு. அந்த வாரத்தில் உலகம் முழுக்கப் பேர் டெமோவை விளையாடுவார்கள். பக் (பிழை) இருந்தால் அன்றைக்கே எழுதுவார்கள். அன்றிரவே சரிசெய்து ஏற்ற வேண்டும். ஜூன் என்றால் நமக்கு இடவப்பாதி மழை. அக்டோபர் என்றால் துலா மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, ரப்பர் மரம் மின்கம்பியில் விழுந்து கரண்ட் போகும் வாரத்தில் இதை வைத்துக்கொள்ளக் கூடாது. பிப்ரவரிதான் நமக்கு. ஒரு ஆறுதல், ஸ்டீமில் புதுப் பில்ட் ஏற்றும்போது மாறிய பகுதி மட்டும்தான் மேலே போகும். முழு கேமையும் ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டியதில்லை, போன் ஹாட்ஸ்பாட்டில்கூட ஒரு சின்னத் திருத்தத்தை அனுப்பிவிடலாம்.

இனி விலை. இந்தியாவில் 480 ரூபாய் வைத்தால், அதற்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். அதைக் கழித்தால் சுமார் 407. அதில் ஸ்டீமின் 30 சதவீதம் போக, கையில் வருவது 285 ரூபாய் அளவில். முன்பு போட்ட விளம்பரக் கணக்கோடு ஒப்பிட்டால், ஒரே ஒரு பிரதி விற்பது 5,700 விளம்பரங்களைக் காட்டுவதற்குச் சமம். அமெரிக்காவில் 9.99 டாலர் வைத்தால், ஸ்டீம் பங்கு போக 7 டாலர். அமெரிக்க விற்பனைப் பங்குக்கு மட்டும் அங்கே வரி பிடிப்பார்கள். வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்காமல் விட்டால் 30 சதவீதம். பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் காட்டிப் படிவம் நிரப்பினால் 15. அப்படிச் செய்தால் ஒரு பிரதிக்குக் கிட்டத்தட்ட 5.94 டாலர் நிற்கும். அங்கே பிடித்த வரியை இங்கே வரி கட்டும்போது கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. நாகர்கோவிலில் ஒரு நல்ல ஆடிட்டரைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்காருங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது.

ஸ்டீமில் ஒரு நிஜமான ஆபத்தும் இருக்கிறது, அது ரீஃபண்ட். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த கேம் மூன்று மணி நேரம். வேகமாக விளையாடும் ஒருவர் இரண்டு மணிக்குள் முடித்துவிட்டுக் காசைத் திரும்ப வாங்க முடியும். சிலர் இதற்காகவே கேமை இழுத்து நீட்டுகிறார்கள். அது வேண்டாம். முதல் அரை மணியிலேயே ஒரு பாறையைக் கண்டுபிடிக்கும் ஆனந்தத்தைக் கொடுத்துவிடுங்கள். பிடித்தவர் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

முடிவடையாத கேமையே விற்கும் ஏர்லி ஆக்ஸஸ் முறையையும் தம்பிகள் கேட்டார்கள். 2013-லிருந்து ஸ்டீமில் இருக்கிறது. ஹேடீஸ், பால்டர்ஸ் கேட் 3 எல்லாம் அப்படி வளர்ந்தவைதான். அவை திரும்பத் திரும்ப விளையாடத் தக்கவை, பின்னால் முழுநேரக் குழுவும் உண்டு. கதை ஒரு முறை தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான். பாதிக் கதையை விற்றுவிட்டு மீதியை அடுத்த வருஷம் கொடுக்கும்போது, முதலில் வாங்கியவர் தாத்தாவையே மறந்திருப்பார். விற்பனையே இல்லாவிட்டாலும் வேலையைத் தொடரும் வசதி இல்லையென்றால் ஏர்லி ஆக்ஸஸில் இறங்க வேண்டாம் என்று ஸ்டீம் நிறுவனமே டெவலப்பர்களுக்கு அறிவுரை எழுதி வைத்திருக்கிறது. நமக்கு ஒத்துவராது.

இட்ச்.ஐஓ: விற்க வேண்டாம், சோதிக்க வேண்டும்

2013-ல் தொடங்கிய தளம். கட்டணம் இல்லை, காத்திருப்பு இல்லை, இன்று மாலை பக்கம் திறந்து இன்று இரவே கேமை ஏற்றலாம். தளத்துக்கு எத்தனை சதவீதம் கொடுப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். ஒன்றும் மாற்றாமல் விட்டால் 10. பிரவுசரிலேயே ஓடும்படி வெப் பில்ட் ஏற்றினால், லிங்கைத் தட்டியதும் விளையாட்டு தொடங்கிவிடும். வேம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேம் 2021-ல் ஸ்டீமுக்கு வருமுன் இட்ச்சில்தான் இருந்தது.

இங்கே காசு பெரிதாக வராது. வருபவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலவே கேம் செய்கிறவர்கள். ஆனால் அவர்கள் எழுதும் கருத்து பொன்னானது. முதல் இரண்டு பாறைகளை மட்டும் இட்ச்சில் போட்டுவிட்டு, மக்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பாருங்கள்.

அதே பதிப்பை நம் கடற்கரையிலும் காட்ட வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும். தம்பிகள் ஒரு பழைய பில்டை லேப்டாப்பில் வைத்து ஒரு பெரியவரிடம் காட்டியபோது நானும் கூட இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், திரையில் மலை மேல் விரலை வைத்தார். "மக்கா, மல இப்படி ஒட்டி வச்சதுமாதிரி நிக்காது. வள்ளம் தெக்க போவும்போ கிட்ட இருக்க கோபுரம் வெரசா நவுரும், தூரத்து மல பைய நவுரும். அந்த வித்தியாசத்த வச்சுத்தான கணியமே" என்றார். தம்பிகள் பின்னணி மலையை ஒரே படமாக ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கே முகடுகளைத் தனித்தனி அடுக்காகப் பிரித்தார்கள். கேம் அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது. இந்த மாதிரிச் சோதனையை எந்தக் கடையும் நமக்குத் தராது.

தமிழ் எழுத்து, இஞ்சின்

எந்தக் கடை என்பதோடு ஒட்டிய இன்னொரு முடிவு இது. கேம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. ஸ்டீம் செயலியின் மொழிகளில் தமிழ் இல்லை, கடைப்பக்கம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் கேமுக்குள் தமிழ் இருப்பதற்குத் தடை ஒன்றும் கிடையாது. கனடாவின் டொரான்டோவில் உருவாகி 2023 ஜூலையில் வந்த வெண்பா, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அது 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது. இட்லிப் பாத்திரத்தை வாழ்நாளில் பார்க்காதவர்கள் அதை விளையாடி அழுதார்கள். கணியத்துக்கும் அது நடக்கலாம்.

சிக்கல் எழுத்தைத் திரையில் வரைவதில் வருகிறது. கேம் செய்யும் மென்பொருளை இஞ்சின் என்பார்கள். அவற்றில் ஒன்றான யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற எழுத்துக் கருவி, தமிழ் எழுத்துகளைக் கோத்து வரையத் தெரியாதது. ஒரு நிலையில் ஊர்ப் பெயராக 'தேங்காப்பட்டணம்' வருகிறது. த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் ங-வோடு ஒட்டிக்கொள்ளும். 'கொல்லங்கோடு' இன்னும் மோசம்: முன்னால் நிற்க வேண்டிய கொம்பும் பின்னால் வர வேண்டிய காலும் சேர்ந்து க-வுக்கு வலப்பக்கமே கிடக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி வகை எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள் சிலர். அப்படிச் செய்தால் பின்னால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வாதைதான். இன்னொரு இஞ்சினான கோடோ 4-ல் இந்தப் பிரச்சினை இல்லை. 2023 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பு முதல், கூட்டெழுத்து வரிசை சரியாக அமையும். அன்ரியல் என்ற இஞ்சினிலும் சரியாக வரும், ஆனால் இரு பரிமாணப் படங்களோடு நகரும் இந்த அளவு கேமுக்கு அது தேவையில்லாத பாரம்.

பணக் கணக்கிலும் கோடோ பக்கம்தான் சாய்வேன். அது முழுக்க இலவசம், எம்ஐடி என்ற தாராளமான உரிமம், எத்தனை விற்றாலும் யாருக்கும் பங்கு இல்லை. யூனிட்டியும் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை இலவசம்தான். ஆனால் 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று திடீரென அறிவித்து, உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, ஓராண்டு கழித்துக் கைவிட்டார்கள். பாதி கேம் செய்த பிறகு விதி மாறும் என்ற பயம் வேண்டாம். நம் தம்பிகள் நல்ல வேளையாகக் கோடோவில்தான் செய்கிறார்கள். இனித் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், கேமோடு சேர்த்துக் கொடுக்க உரிமம் இருக்கிறது. விண்டோஸில் இருக்கும் லதாவை எடுத்துச் சேர்க்காதீர்கள், அது மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமானது.

பப்ளிஷர்

கடற்கரைத் தம்பிக்கு இதில் ஆசை. கேமை வெளியிட்டு விற்றுத்தரும் பப்ளிஷர் ஒருவர் வந்தால் முன்பணம் தருவார், விளம்பரம் பார்ப்பார், நின்டெண்டோ, ப்ளேஸ்டேஷன் போன்ற கன்சோல்கள் பக்கமும் கொண்டுபோவார். புணேயில் உருவான ராஜி என்ற கேம் 2020-ல் அப்படித்தான் கன்சோல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் நல்ல பப்ளிஷர்கள் டெமோவையும் விஷ்லிஸ்ட் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆகவே ஸ்டீம் பக்கம் திறந்த பிறகு யாராவது தாமாக வந்தால் பேசலாம். கையெழுத்து போடுமுன் மூன்றைப் படியுங்கள்: அவர்கள் செலவைத் திரும்ப எடுத்த பிறகுதான் நமக்குப் பங்கா, முதல் ரூபாயிலிருந்தேவா, அடுத்த பாகத்தின் உரிமை யாருக்கு, அவர்கள் கேமைக் கவனிக்காமல் விட்டால் உரிமை எத்தனை ஆண்டில் திரும்பி வரும். நம்மிடமே காசு கேட்கிறவர் பப்ளிஷர் இல்லை, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டார் கேட்பது

ஆன்லைன் கேம் என்றதும் வீடுகளில் பயம் வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. காசு கொடுத்து ஒருமுறை வாங்கி, தனியாக உட்கார்ந்து விளையாடும் கேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மா அப்பாவுக்கு அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். கேமைக் காட்டியே சொல்லுங்கள். இன்னொன்று, டெக்னோபார்க் வேலையை இப்போது விடக் கூடாது. பிப்ரவரித் திருவிழா முடிந்து விஷ்லிஸ்ட் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது

தடைக்காலத்துக்குள் இட்ச் பதிப்பு. ஆகஸ்டில் ஸ்டீம் பக்கம். பிப்ரவரியில் டெமோவோடு நெக்ஸ்ட் ஃபெஸ்ட். மார்ச்சில் ரிலீஸ். போன் பதிப்பு அதற்கடுத்த ஆண்டு.

பக்கம் திறக்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. ஸ்டீமில் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்களுக்கு இங்கேதான் இடிக்கும்: பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், ஆதாரில் அது முன்னால் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இந்த ஒரு காரணத்துக்காகவே நின்றுபோகலாம். வங்கிக்குப் போய் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான ஸ்விஃப்ட் குறியீட்டையும் அந்தக் கிளையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் ஸ்டீம் பணம் அனுப்பும், ஆகவே முதல் மாதம் ஒன்றும் வரவில்லை என்று பதற வேண்டாம்.

கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கப்போகிறது என்றால், மூவருக்கும் பங்கு எவ்வளவு, ஒருவர் பாதியில் விலகினால் அவருக்கு என்ன, படங்களும் கதையும் யாருக்குச் சொந்தம் என்பதை முத்திரைத்தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். இப்போது மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்குகிறவர்கள், இதைப் பேசவே கூச்சமாக இருக்கும். காசு வந்த பிறகு பேசுவது அதைவிடக் கஷ்டம். அந்தத் தாளை எழுதி முடித்த பிறகு நூறு டாலரைக் கட்டுங்கள்.